எங்கள் கன்னரைத் தேடி வத்தல்மலைக்கு

1986 கார்த்திகையில்தான் நான் முதன்முதலாக வத்தல்மலை ஏறினேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. இருபத்து நாலு வருடமாகப் பார்க்காத ஒரு நண்பனைப் பார்க்கப் போனேன். அவன் எங்களைப் பார்க்க விரும்புகிறானா என்று தெரியாமலேயே போனேன். இப்போது மலை உச்சி வரை தார்ரோடு வந்துவிட்டது. சனி, ஞாயிறில் பைக்கில் போக நினைப்பவர்கள் என்னிடம் வழி கேட்கிறீர்கள். வழியைச் சொல்கிறேன், அதோடு அந்தப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். (எனக்குக் கண் மங்கிவிட்டது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.)

நான் குதிரைப்படையில் இருந்தவன். குதிரை எல்லாம் கிடையாது, பெயர் மட்டும்தான் அப்படி. எங்களுக்குக் கொடுத்திருந்தது நாலு சக்கரக் கவச வண்டி. ஒரு வண்டிக்கு மூன்று பேர். முன்னால் கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவன் நான். மேலே சுழலும் கூண்டுக்குள் இரண்டு பேர். பீரங்கியைக் கவனிக்கும் கன்னர் வெள்ளையன், வத்தல்மலைக்காரன். வண்டிக்குத் தலைவர் தபேதார் ஆரோக்கியசாமி, கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். தபேதார் என்றதும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் பட்டை போட்டு நிற்பவரை நினைக்காதீர்கள். மற்ற படைகளில் ஹவில்தார் என்பதைக் குதிரைப்படையில் தபேதார் என்பார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரிவை அமைதிப் படையோடு காங்கோவுக்கு அனுப்பினார்கள். நாங்கள் மூவரும் இருந்த ஊரில் சண்டை இல்லை. மாவு மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஏற்றிய லாரிகளுக்குத் துணை போவதுதான் வேலை. எனக்கு இன்னும் நினைவிருப்பது அந்தச் சிவப்பு மண்ணும், எங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வந்த ழோசெஃப்பும்தான். எங்கள் வயதுக்காரன். பிரெஞ்சு பேசுவான், எங்களிடம் கற்றுக்கொண்டு ‘சாப்பாடு ஆச்சா?’ என்று தமிழிலும் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை தபேதாரும் அவனும் மிஷன் கோயிலுக்குச் சேர்ந்து போவார்கள். வெள்ளையனுக்கு அவன் உயிர்.

அந்த ழோசெஃப் ஆற்றோடு போனான். அதைப் பிறகு சொல்கிறேன்.

படையிலிருந்து வந்தபின் நான் திருச்சியில் ஒரு பஸ் கம்பெனி பட்டறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஐப்பசி கடைசியில் தபேதாரிடமிருந்து ஆள்மூலம் சேதி வந்தது. ‘வெள்ளையன் ரெண்டு வருசமா மலையை விட்டு எறங்கல. சொல்லி அனுப்புனா பதில் இல்ல. நீ வந்தா ரெண்டு பேருமாப் போய்ப் பாக்கலாம்.’ நான் மூன்று நாள் லீவு போட்டேன்.

திருச்சியிலிருந்து சேலம், சேலத்திலிருந்து தர்மபுரி. இரண்டாவது பஸ் அறுபத்தைந்து கிலோமீட்டர், ஏழு ரூபாய்க்குள் டிக்கெட். தொப்பூர்க் கணவாயில் மழை பிடித்தது. பஸ் ஸ்டாண்டில் குடையோடு தபேதார் நின்றார். வயது ஐம்பத்து நாலு, மீசை முழுக்க வெளுத்திருந்தது, ஒரு பாங்கில் காவல் வேலை. என்னைப் பார்த்ததும் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “டிரைவர், தொப்பை போட்டுட்டியே. வண்டிக்குள்ள எறங்குவியா இப்ப?” அவருக்கு நான் எப்போதும் டிரைவர்தான்.

மலையடிவாரத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கியபோது பதினொரு மணி இருக்கும். அதற்கு மேல் ரோடு கிடையாது. காலால் ஏற வேண்டும். உடம்பு முடியாதவர்களைத் தொட்டில் கட்டித் தூக்கிவருவார்கள். டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

“மேல மழ ஊத்துதுங்க. நாளைக்குப் போனீங்கன்னா ஆகாதுங்களா?”

“ஆகாது” என்றார் தபேதார்.

பாதி மலை வரை பாதை நன்றாகவே இருந்தது. தபேதாரின் வலது முட்டி வீங்கியிருந்தது, ஒரு கழியை வெட்டி ஊன்றிக்கொண்டார். வழி நெடுக காங்கோ பேச்சுதான். அங்கே தின்ற மரவள்ளிக் களி, டின்னில் வந்த மீன், சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரம். “இந்தக் கையாலதான்டா வெள்ளையன் பெல்ட்ட புடிச்சி இழுத்தேன்” என்று கையைக் காட்டினார். இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

மூன்று மணி வாக்கில் ஒரு ஓடைக்கு வந்தோம். கோடையில் தாண்டிக் குதித்துவிடலாம் என்பார்கள். அன்று செம்மண் நிறத்தில், இடுப்புக்கு மேல் ஓடியது. கிளைகளும் வேர்களும் உருண்டு போயின. பேச்சு நின்றுவிட்டது. திரும்பலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது எதிர்க்கரையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கம்பளி போர்த்திய ஒல்லியான ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தபேதாருக்குத் தெரிந்தது.

“டேய் வெள்ளையா!”

அவன் கையை உயர்த்தவில்லை. அடிவாரத்திலிருந்து எங்களுக்கு முன்னால் ஏறிய ஆட்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் வந்து நின்றான். பக்கத்தில் இருந்தது அவன் மச்சான் சடையன். சடையன் கொண்டுவந்திருந்த கயிற்றின் ஒரு முனையை எங்கள் பக்கம் வீசினான். அதைப் பக்கத்திலிருந்த மரத்தில் கட்டினேன். மறுமுனையை அவன் வெள்ளையனிடம் நீட்டினான். வெள்ளையன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

“புடி மாமா!”

“மாட்டேன். திலும்பிப் போவச் சொல்லு.” அவன் குரல் தண்ணீர் இரைச்சலுக்கு மேல் கேட்டது. “போங்க! வராதீங்க!”

சடையன் வைதுகொண்டே கயிற்றைப் பாறையில் இரண்டு சுற்றுச் சுற்றித் தானே இழுத்துப் பிடித்தான். முதலில் தபேதார் இறங்கினார், பின்னால் நான். நடுவில் ஒரு கட்டை வந்து அவர் தொடையில் மோதியது. கால் தடுமாறி மார்பளவு முங்கினார். அவர் சட்டைக் காலரை நான் பிடித்துக்கொண்டேன். சில விநாடிகள்தான், ஆனால் அந்த நேரத்தில் எதிர்க்கரையைப் பார்த்தேன். வெள்ளையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காதைப் பொத்தியிருந்தான்.

கரையேறியதும் அவன் எங்களைத் தொடவில்லை. “வந்துட்டீங்களா, வாங்க, வூட்டுக்குப் போலாம்” என்று முன்னால் நடந்தான். நடக்க நடக்க இருமினான். நெஞ்சிலிருந்து பிய்த்துக்கொண்டு வருகிற இருமல்.

வெள்ளையனின் மனைவி மாதம்மாள் எங்களுக்கு உலர்ந்த வேட்டி கொடுத்தாள். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். அந்தக் குளிருக்கு அதைப்போல் ஒரு சாப்பாடு நான் பிறகு சாப்பிட்டதில்லை. தபேதார் கை கழுவப் போன நேரத்தில் அவள் என் பக்கத்தில் குனிந்து, “அண்ணா, அந்தத் தேசத்துப் பேச்சை மட்டும் எடுக்காதீங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன்” என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் தபேதார் வந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் வந்து நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் விவசாயம் கேட்டேன், கடுகு விலை கேட்டேன், கரடி வருமா என்று கேட்டேன். வெள்ளையனும் ஒன்றிரண்டு வார்த்தை பதில் சொன்னான். தபேதாரைப் பார்த்து மட்டும் பேசவில்லை. ஒரு பெரியவர் சும்மா இருக்காமல், “நீங்க மூணு பேரும் ஒரே வண்டிங்களா?” என்று கேட்டார். நான் தபேதாரின் முழங்காலை அழுத்தினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

“ஒரே வண்டிதான். இன்னிக்கி இவன் உங்க முன்னால உக்காந்திருக்கறானே, அதுக்குக் காரணமே நான்தான்” என்று தொடங்கிவிட்டார். பாலம் போன ஆறு. மிஷன் ஆஸ்பத்திரிக்கு மருந்து. ஆழம் பார்க்கக் கழியோடு முன்னால் இறங்கிய ழோசெஃப். அவன் மணிக்கட்டில் கயிற்றின் ஒரு முனை, வண்டிக்கு முன்னால் தண்ணீரில் நின்ற வெள்ளையன் கையில் மறு முனை. மேலே எங்கோ பெய்த மழை திடீரென்று சுவர் மாதிரி வந்தது. “இவனையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போவுது. நான் மேலேர்ந்து குனிஞ்சி பெல்ட்ட புடிச்சிக்கிட்டு, வுடுறா கயித்தன்னு ஒரே கத்து. வுட்டான். பொழச்சான். ஒரு ஆர்டரு, ஒரு உசுரு.”

எல்லோரும் வெள்ளையனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து, கம்பளியைக்கூட எடுக்காமல், மழையில் இறங்கிப் போனான்.

தபேதார் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.  மாதம்மாள் என்னை மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் கூப்பிட்டுப் போய்ச் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் தபேதார் வெள்ளையனைப் பார்த்து, கூட இருந்தவர்களிடம் இதே கதையைச் சொல்லியிருக்கிறார். “அன்னிக்கி வந்து படுத்தவருங்க. நான் வுட்டுட்டேன், அவனை நான் வுட்டுட்டேன்னு பொலம்புவாரு. அப்பறம் கீழ எறங்கவே இல்ல. ஆறு மாசமா இருமுறாரு, சளியில ரத்தம் வருது. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா, கீழ தபேதாரு இருப்பாருங்கறாரு.”

 அந்தக் கதையின் கடைசிப் பகுதி தபேதார் சொன்ன மாதிரி நடக்கவில்லை. வெள்ளையன் கரையோரமாக விழுந்து தலையில் அடிபட்டு நினைவிழந்ததும், தபேதார் கூண்டுக்குள் போய் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வண்டி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வெள்ளையனைக் கரைக்கு இழுத்தவன். அன்று மாலையே கேப்டனிடம் நடந்ததைச் சொன்னேன். வெள்ளையனை விமானத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தபேதாரின் கதையை, வயதானவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று விட்டிருந்தேன். அந்தக் கதை ஒருத்தனை அரித்துக்கொண்டிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இப்போது நான் உண்மையைச் சொன்னால் தபேதாருக்கு அவமானம். அதுவும் அவர் வாழ்நாளில் பெருமையாகச் சொல்கிற ஒன்றே ஒன்று. சொல்லாவிட்டால் இவன் இந்த மலையிலேயே இருமிச் செத்துப்போவான்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. வெள்ளையன் அவரைக்கொடிப் பந்தலடியில் சரிந்த மூங்கில் கால்களை நிமிர்த்திக்கொண்டிருந்தான். இரவு சடையன் வீட்டில் படுத்திருக்கிறான். நான் போய் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

“வெள்ளையா, நீ கயித்தை விடல.”

அவன் மண்ணைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டே இருந்தான். “நீ உள்ள இருந்த டிரைவர். உனக்கென்ன தெரியும்?”

“வெளிய வந்தேன். உன்னை இழுத்துப் போட்டதே நான்தான். கயிறு உன் உள்ளங்கையில ரெண்டு சுத்து சுத்தியிருந்துச்சு. உன் விரலை ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்சேன். அந்த முனையில ஆளு இல்ல. அவன் மணிக்கட்டுலேர்ந்து உருவிக்கிட்டுப் போயிருக்கு.”

“ஆறுதலுக்குச் சொல்லுற.”

“ஆறுதல் சொல்லவா முட்டி அளவு சேத்துல ஏறி வந்தேன்?”

“எனக்கு நெனப்பு இருக்குது.” அவன் குரல் ஏறியது. “வுடுன்னாரு. வுட்டேன். அவன் என்னையே பாத்துக்கிட்டுப் போனான். இருவத்து நாலு வருசமாப் பாத்துக்கிட்டே போறான். நீ வந்து இல்லேன்னா இல்லாமப் போயிருமா?” இருமல் வந்து மடங்கிக் குனிந்தான்.

அப்போதுதான் பின்னால் கழி ஊன்றும் சத்தம் கேட்டது. தபேதார் எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மீசை நடுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். படையில் அந்த முகத்தோடு வந்தால் யாருக்காவது தண்டனை நிச்சயம்.

“அவன் சொல்லுறது நெசம்” என்றார்.

வெள்ளையன் நிமிரவில்லை.

“மூணு தரம் கத்துனேன். நாலாந்தரம் உன் மண்டையிலயே ஒண்ணு வச்சேன். நீ வுடல. பல்லக் கடிச்சிக்கிட்டு நின்ன. ஆர்டரை மீறுனதுக்கு உம்மேல சார்ஜ் போட்டிருக்கணும் நான். அடிபட்டுக் கெடக்கறானேன்னு போடல.”

“அப்பறம் பஸ் ஸ்டாண்டுல சொன்னது? நேத்து சொன்னது?”

தபேதார் பந்தலைப் பார்த்தார். பந்தலுக்கு அந்தப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. “நான் சொல்லி நீ கேட்டன்னு சொல்லிக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. அந்த ஆத்துல நான் செஞ்சதுன்னு சொல்லிக்க வேற ஒண்ணுமில்ல வெள்ளையா. ஒருத்தன் போயிட்டான், ஒருத்தன் கெடக்கறான். நான் மேல நின்னுக்கிட்டுக் கத்துனேன், அவ்வளவுதான்.”

 வெள்ளையன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். காடு வெட்டிக் காய்ப்பேறிய கை. எந்தத் தழும்பு எதனால் வந்தது என்று யார் சொல்ல முடியும்? அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அழவில்லை. பெரிய மூச்சாக விட்டு, திரும்ப இருமி, இருமல் அடங்கியபின் கேட்டான்.

“ழோசெஃப்ப எங்க பொதைச்சாங்க?”

“மிஷன் கோயில் பின்னால” என்றார் தபேதார். “மீன் புடிக்கறவங்க கொண்டாந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் மண்ணு போட்டோம்.”

அரை மணி நேரத்தில் வெள்ளையன் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். மாதம்மாள் ஒரு பையில் வேட்டியும் துண்டும் திணித்தாள், வாசல் வரை வந்து நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் திரும்பிவிடுவானோ என்று பயந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். ஓடை இரவோடு இரவாக வடிந்து கணுக்கால் அளவுக்கு வந்திருந்தது. மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே தாண்டினோம். சரிவில் தபேதாரின் முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒரு பக்கம் என் தோள், மறுபக்கம் வெள்ளையன் தோள். அன்று மதியமே தர்மபுரியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காசநோய்தான். நல்லவேளை, மாத்திரைக்குக் கேட்கிற நிலையில் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் தபேதாரிடம் கேட்டேன். “அவன் விடலைன்னு உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இருந்துச்சா?”

“பஸ் வருது பாரு, எந்திரி” என்றார். பஸ் எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இன்றைக்கும் எனக்கு விடை தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: தர்மபுரியிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். ரோடு நல்ல ரோடுதான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். கார் ஓட்டிப் பழகாதவர்கள் மலையில் பழக வேண்டாம். பைக்கில் போகிறவர்கள் இறங்கும்போது கியரில் இறங்குங்கள், பிரேக்கை நம்பாதீர்கள். பழைய டிரைவர் சொல்கிறேன். பெட்ரோல் கீழேயே போட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் கம்பளி வேண்டும். மழை பெய்த அன்று ஓடைப் பக்கம் படம் எடுக்க இறங்காதீர்கள். மேலே சாமை, கடுகு, காப்பிக்கொட்டை வாங்கலாம், பேரம் பேசாமல் வாங்குங்கள். பழைய ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆசைப்பட்டால் ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குத் தபேதார் எங்கள் இருவரையும் கடத்தூருக்கு அழைத்தார். வெள்ளையன் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பண்டிகைக்கு மறுநாள் காலைப் பூசைக்கு எங்களையும் கோயிலுக்குக் கூட்டிப் போனார். நானும் வெள்ளையனும் வேறு சாமி கும்பிடுகிறவர்கள், கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்தோம். சாமியார் பூசை தொடங்குமுன் படித்தார்: “இன்றைய திருப்பலி, காங்கோ நாட்டில் இறந்த சூசை என்பவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவருடைய நண்பர்கள் மூவரால் ஒப்புக்கொடுக்கப்படுகிறது.”

வெள்ளையன் என் காதருகே வந்தான். “யாரு சூசை?”

முன்வரிசையிலிருந்து தபேதார் திரும்பிப் பார்த்தார். “நம்ம ழோசெஃப்தான்டா. தமிழ்ல சூசை.”

வெள்ளையன் அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். “நம்ம பக்கத்துப் பேருதானா” என்றான். எல்லோரும் எழுந்து நின்றபோது அவனும் எழுந்து நின்றான்.